பரணில் கிடக்கும் கிட்டியை இறக்குங்கள்

காவிரிப் படுகையின் நெல் உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்



சம்பா பொதி கட்டும் நாட்களில் உங்களில் சிலர் பொழுது சாய்ந்ததும் மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறீர்கள். அங்கிருந்து புறப்படும் கட்டுக்கம்பி, குச்சிக்குக் குச்சி தாவி, வரப்போரமாக வயலைச் சுற்றி ஓடுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. விடியும்வரை அதில் 230 வோல்ட் மின்சாரம் நிற்கிறது. எலிக்காக வைத்தது என்கிறீர்கள். அந்தக் கம்பியை நீங்கள் கழற்ற வேண்டும், அதன் இடத்தில் உங்கள் தாத்தாமார் வைத்த மூங்கில் கிட்டியைப் பழுதுபார்த்துத் திரும்ப வைக்க வேண்டும் என்று கேட்பதற்கே இந்த மடல்.

எலிக்கு வைத்த மின்கம்பியில் மாட்டி ஆள் இறந்தார் என்ற செய்தி படிக்காமல் உங்களுக்கு எந்தச் சம்பாவும் கழிவதில்லை. இறந்தவர் யார் என்று பாருங்கள். மடை திறக்கப் போனவர். பக்கத்து வயலுக்குக் குறுக்கு வழியில் நடந்தவர். இரவில் நண்டு, மீன் பிடிக்க வாய்க்காலில் இறங்கியவர். பல நேரம் கம்பி கட்டியவரே. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி விடியற்காலையில் வயலில் கால் வைத்தவர். தூக்கிவிடப் போன மனைவியும் மகனும் சேர்ந்து போன வீடுகளும் உண்டு. நாய், பூனை, கீரி, சாரைப்பாம்பு எல்லாம் கணக்கில் வருவதே இல்லை.

வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி 30 மில்லி ஆம்பியரில் விழும்படி அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் உடம்பில் ஓடினால் இதயம் தாளம் தப்பலாம் என்பதால்தான் அந்த அளவு. சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்த கை கம்பியை விடாது. உங்கள் கொட்டகையில் இருக்கும் ஃபியூஸ் 5 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது 30 மில்லி ஆம்பியரைப்போல 160 மடங்குக்கும் மேல். ஃபியூஸ் உருகும் என்று காத்திருந்தால் ஆள் பிழைக்க மாட்டார். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியைத்தான். இதில் வெறுங்கால், சேறு, முழங்கால் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மின்சாரம் உடம்பு வழியாக நிலத்தில் இறங்க இதைவிட வாகான இடம் கிடையாது.

காட்டோரத்தில் யானைக்கு மின்வேலி வைக்கிறார்களே என்று சிலர் கேட்கிறீர்கள். அங்கே முறையாக வைக்கப்படும் வேலியில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக, நொடியின் மிகச் சிறு பங்கு நேரம்தான் பாயும். அடித்துத் தள்ளும், பிடித்து வைக்காது. அதற்கே தமிழக அரசு 2023-இல் பதிவு, ஒழுங்குமுறை என்று தனி விதிகள் கொண்டுவந்தது. மெயின் லைனிலிருந்து நேரே கம்பிக்கு மின்சாரம் கொடுப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. உழவுக்கு என்று வழங்கப்பட்ட மின்சாரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி திருட்டு. மூன்றாண்டு வரை சிறை உண்டு. உயிர் போய்விட்டால் வழக்கு அதோடு நிற்காது.

உங்கள் ஆத்திரம் நியாயமானது. அதை யாரும் மறுக்கவில்லை. நட்ட இருபதாம் நாளில் எலி பயிரைத் தூரோடு சாய்வாக வெட்டிப் போட்டிருப்பதைப் பார்த்தாலே வயிறு எரியும். பொதிப் பருவத்தில் வெட்டினால் இன்னும் கொடுமை. அந்தத் தூர் மறுபடி கிளைத்துக் கதிர் தள்ள நேரமில்லை. கரம்பை எலி தின்பதோடு விடுவதில்லை, கதிரை இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் அடுக்கி வைக்கிறது. அறுவடைக்குப் பின் வளையைத் தோண்டி நெல் எடுக்கும் குடும்பங்கள் படுகையிலும் வடமாவட்டங்களிலும் தலைமுறைகளாக இருந்தன என்றால் அங்கே எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மூன்று வாரச் சினை, ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி, அந்தக் குட்டிகளும் சில மாதங்களில் தாயாகும். நடவின்போது வரப்பில் இருந்த இரண்டு எலி கதிர் முற்றும்போது கூட்டமாகிறது. கடன் வாங்கிப் போட்ட பயிர் கண்ணெதிரே போகும்போது கையில் கிடைத்ததைச் செய்யத் தோன்றும்.

கையில் கிடைத்தது நஞ்சாகவும் இருந்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலைக் கருக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. பெட்டிக்கடையில் தொங்கிய அந்தக் குழாயால் போன உயிர்களைப் பார்த்த பின்தான் தமிழக அரசு அதை நிரந்தரமாகத் தடை செய்தது. ஜிங்க் பாஸ்பைடு, புரோமடையலோன் போன்றவை முறையாகக் கையாளப்பட்டால் வேளாண் பரிந்துரையில் இடம் உள்ளவை. ஆனாலும் நஞ்சு தின்ற எலி வயலில் தள்ளாடி நடக்கும்போது அதைத் தூக்குவது கூகை. குஞ்சு வளர்க்கும் ஒரு கூகைக் குடும்பம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் அதற்காகவே கூடுபெட்டி கட்டி வைத்து அழைக்கிறார்கள். கம்பியும் நஞ்சும் வைத்து நீங்கள் முதலில் அழிப்பது உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் பறவையையும் பாம்பையும்தான்.

இனி கிட்டிக்கு வருவோம்.

தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலேயே பெயர் பெற்ற பொறி அது. ஊருக்கு ஊர் கட்டும் விதம் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். பிளந்து சீவிய மூங்கில் பட்டை வில்லாக வளைந்து நிற்கும். அதன் நாணை இழுத்துப் பிடித்திருப்பது ஒரு சிறு குச்சி. இரையை எலி இழுத்ததும் குச்சி நழுவும், வில் நிமிரும், நாண் கழுத்தை இறுக்கும். மின்சாரம் வேண்டாம், நஞ்சு வேண்டாம். மனிதக் கால் அதில் பட்டால் குச்சி நழுவும், அவ்வளவுதான். ஆள் வீட்டுக்கு நடந்து போவார். நெல் வயலில் வைக்கப்படும் ஒரு கருவியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: தவறான உயிர் அகப்பட்டால் என்ன ஆகும்? கம்பியிடம் இதற்குப் பதில் இல்லை.

கிட்டியில் எலி விழுவதில்லை என்பது உங்கள் குறை. உண்மைதான், விழாது. ஐந்தாறு ஆண்டாக மாட்டுக்கொட்டகைப் பரணில் நாண் ஏற்றியபடியே கிடந்த கிட்டியை, உளுத்த தூள் உதிர உதிர எடுத்துவந்து, பயிர் பாதி போன பிறகு வயலுக்குப் பத்து என்று வைத்தால் எப்படி விழும்? பழுது கிட்டியின் முறையில் இல்லை. அதைப் பராமரிக்கும் பழக்கம் போய்விட்டதில் இருக்கிறது. வீணையைச் சுருதி சேர்க்காமல் வாசித்துவிட்டு மரத்தைக் குறை சொல்வதற்கு இணையானது இது. ஆகவே பழுதுபார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வில். மூங்கிலின் வலிமை மேல்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து பட்டை மென்மையாகிவிடும். பழைய கிட்டியின் வில் மேல்தோல் சீவப்பட்டு வழுவழுவென்று இருந்தால் அது அவசரத்தில் செய்தது. எடுத்து வைத்துவிடுங்கள், அதைச் சரிசெய்ய முடியாது. தோல் முழுசாக இருந்து வளைவின் வெளிப்புறம் அமைந்திருந்தால் காப்பாற்றலாம். கணுவை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது இழுவையில் பிளக்கும். வெடிப்பு இல்லாவிட்டால் நாணை அவிழ்த்து ஒரு நாள் சும்மா போடுங்கள். மறுநாள் பட்டை ஏறக்குறைய நேராகத் திரும்பியிருந்தால் உயிர் இருக்கிறது. வளைந்தது வளைந்தபடியே கிடந்தால் அதன் விசை செத்துவிட்டது. புதுப் பட்டை போடத்தான் வேண்டும். நாணை ஏற்றியபடியே கிட்டியை மாதக்கணக்கில் பரணில் போடுவதால் வரும் கேடு இது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு நாணையும் இறக்கி வைக்கும் ஒரு வேலையால் கிட்டியின் ஆயுளைக் கூட்டலாம்.

புதுப் பட்டைக்கு முற்றிய மூங்கில் வேண்டும். மூன்று நான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும். இளம் மூங்கிலில் ஈரமும் மாவுச்சத்தும் அதிகம். அந்த மாவுக்குத்தான் துளைவண்டு வருகிறது, பட்டையைத் தட்டினால் உதிரும் வெள்ளைத் தூள் அதன் வேலை. வெட்டிய மூங்கிலைக் குளத்தில் சில வாரம் ஊறப்போட்டு எடுக்கும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுவே. மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விட்டால் வண்டுக்கு அங்கே வேலை இல்லை. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். கோடை வெயிலில் காயப்போட்ட மூங்கில் வெடிக்கும். அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்ட பட்டை பல ஆண்டு உழைக்கும் என்பது கூடை முடைகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

அடுத்தது நாண். பழைய நாண் எதுவானாலும் மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும்கூட. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருத்தி, சணல் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கி இறுகும், நைலான் நனைந்தால் சற்று நீளும். மாலையில் உலர்ந்த கையோடு நீங்கள் சரிபார்த்த இழுவை நள்ளிரவில் மாறிவிடுவது இதனால்தான். மார்கழிப் பனியில் கிட்டி தானாகவே அடித்துக் கிடப்பதும், எலி இரையைத் தின்றுவிட்டுப் போயும் அடிக்காமல் நிற்பதும் பெரும்பாலும் கயிற்றின் குற்றம். பரிகாரம் எளிது. கயிற்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்த ஈரத்தோடே இழுவையைச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றிலும் நுணுக்கம் குச்சியிலும் அது உட்காரும் வெட்டிலும் இருக்கிறது. வெட்டு ஆழமாகிவிட்டால் எலி சாவகாசமாகத் தின்னும். மேலோட்டமாக இருந்தால் காற்றுக்கும் தவளைக்கும் அடித்துவிடும். பல பருவம் அடித்து அடித்து வெட்டின் விளிம்பு உருண்டுபோயிருக்கும். குச்சியின் நுனி தேய்ந்திருக்கும். விளிம்பைக் கூரிய கத்தியால் ஒரு மயிரிழை எடுத்து நேராக்குங்கள், நுனியைப் புதிதாகச் சீவுங்கள். ஒரே கிட்டியைப் பத்து தடவை விசையேற்றி விடுங்கள். பத்து தடவையும் ஒரே அளவு இழுப்பில் நழுவ வேண்டும். மூன்று தடவை சட்டென்றும் மற்ற நேரம் பிடித்துப் பிடித்தும் நழுவினால் வெட்டில் பிசிர் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக அடி. எலியின் கழுத்து வரும் இடத்தில் விரல் தடிமனுள்ள பச்சை ஆமணக்குத் தண்டை நீட்டி விசையை விடுங்கள். தண்டு நசுங்க வேண்டும். மேலே ஒரு கோடுமட்டும் விழுந்தால் அந்தக் கிட்டி கொல்லாது. எலியை இரவெல்லாம் பிடித்து வைத்துத் துடிக்கவிடும். அப்படிப்பட்ட கிட்டியை வயலுக்குக் கொண்டுபோகவே கூடாது. பயிரைக் காக்க எலியைக் கொல்கிறீர்கள். அது நொடியில் முடிய வேண்டும். இதைப் பெரிய மனதுக்காரர்களின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் 1990-களின் இறுதியில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எந்த விலங்குக்கான பொறி எத்தனை நொடியில் உணர்வை மாய்க்க வேண்டும் என்றே எழுதி வைத்தார்கள். கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்குக்கு 45 நொடி. இங்கிலாந்தில் காலைக் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த இரும்புப் பொறி 1958-இல் தடைசெய்யப்பட்டது. நியூஸிலாந்தில் அந்நிய எலிகளையும் கீரி போன்றவற்றையும் ஒழிக்க 2050-ஐ இலக்காக வைத்து நாடே வேலை செய்கிறது. காட்டுப் பாதைகளில் பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் மிதிதட்டு எத்தனை கிராம் எடைக்கு விழுகிறது என்று எடை வைத்துப் பார்க்கிறார்கள், துரு சுரண்டுகிறார்கள், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். பொறி என்பது வாங்கி வைத்துவிட்டு மறக்கிற சாமான் அல்ல என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. உங்கள் கிட்டிக்கும் அந்த மரியாதை தகும்.

வீட்டிலும் களத்திலும் இருக்கும் பொறிகளுக்கும் ஒரு வார்த்தை. மரப்பலகையில் ஸ்பிரிங் அடிக்கும் பொறிக்கு அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் 1894-இல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டு கழித்து இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹென்றி அட்கின்சன் தன் பொறியைக் கொண்டுவந்தார். நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை, மாற்றத் தேவை ஏற்படவில்லை. கம்பிக் கூண்டில் கெடுவது பெரும்பாலும் இரண்டே இடம்: கதவின் ஸ்பிரிங், இரை மாட்டும் கொக்கி. துருவைச் சுரண்டி, கொக்கி தொங்கும் வளையத்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் பாதி கூண்டுகள் மறுபடி வேலை செய்யும். பசை அட்டைக்குப் போகாதீர்கள். அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் சாகிறது, பல்லியும் குருவியும் சேர்ந்து ஒட்டுகின்றன. இந்திய விலங்கு நல வாரியம் அதைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

சரிசெய்த கிட்டியை எப்போது, எங்கே வைப்பது என்பதில்தான் மீதி வெற்றி. மாலையில் வரப்பிலுள்ள வளைகளை எல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு வாருங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. கிட்டி அதன் தடத்துக்குப் போகட்டும், மற்றதற்கு வேண்டாம். எலி புதுப் பொருளைச் சந்தேகிக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று இரவு விசையேற்றாமல் இரைமட்டும் வையுங்கள். பொரியோ வறுத்த அரிசியோ கருவாடோ, தின்று பழகட்டும். பிறகு ஒரே இரவில் எல்லாக் கிட்டியையும் விசையேற்றுங்கள். இருட்டிய பின் வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மடையானும் மைனாவும் மாட்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து வருகிறது, காலில் புண்ணோடு சேற்றில் நிற்கும் உங்களுக்கு அது எட்டாத நோய் அல்ல.

பொதி கட்டிய பிறகு கிட்டி வைப்பது தாமதம். எலிகள் குறைவாக, மேட்டு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும் காலம் நடவுக்கு முன்னும் நட்ட சில வாரமும்தான். அன்று விழும் ஒரு தாய் எலி தையில் வரவிருந்த கூட்டத்தை இல்லாமல் ஆக்கும். அகன்ற வரப்பைச் செதுக்கிக் குறுக்கினால் வளைக்கே இடமிருக்காது. தனி ஒருவர் தன் ஒரு ஏக்கரில்மட்டும் இதையெல்லாம் செய்து பயனில்லை, பக்கத்து வயலிலிருந்து அடுத்த வாரமே வந்துவிடும். பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இந்தோனேசிய, வியட்நாம் உழவர்களோடு சேர்ந்து செய்து பார்த்த ஒரு முறை இதற்கு வழிகாட்டும். ஊரின் நடுவே ஒரு சிறு துண்டு நிலத்தில்மட்டும் இரண்டு மூன்று வாரம் முன்னதாக நடுகிறார்கள். அதைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் வேலி. வேலியின் அடியில் சில துளைகள், ஒவ்வொரு துளைக்குப் பின்னும் ஒரு கூண்டு. முதலில் விளையும் பயிரைத் தேடிச் சுற்றுவட்டார எலிகள் அங்கே வந்து விழுகின்றன. சுமார் 200 மீட்டர் தூரம் வரையுள்ள வயல்களுக்குப் பயன் கிடைக்கிறது. வேலி கட்டத்தான் வேண்டும் என்றால் இப்படிக் கட்டுங்கள். அதைத் தொட்டு ஒருவரும் சாக மாட்டார்.

கிட்டி வைப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முடியாது. ஊருக்கு ஒருவர், இருவர் என்று எஞ்சியிருக்கும் அவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். சாயங்காலம் கட்டுக் கட்டாகக் கிட்டியைச் சுமந்து வந்து வைத்து, இருட்டில் பாம்புக்கும் பனிக்கும் நடுவே காவல் இருந்து, விடியுமுன் எடுக்கிறார்கள். பல ஊர்களில் கூலி எலிக் கணக்கில்தான். காலையில் எண்ணிப் பணம் தருகிறீர்கள். இதில் இருக்கும் கோணலைக் கவனித்தீர்களா? எலி குறைவாக இருக்கும் நடவுக் காலத்தில் அவர் வந்தால் அவருக்குக் கட்டுபடியாகாது. எலி பெருகிய பிறகு வந்தால்தான் நாலு காசு. அதாவது தாமதமாக வருவதற்கு நீங்களே கூலி கொடுக்கிறீர்கள். பிறகு கிட்டியால் பயனில்லை என்கிறீர்கள். வைத்த கிட்டிக்கும் விழித்த இரவுக்கும் கூலி பேசுங்கள், அல்லது பருவத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் செய்யுங்கள். வயலில் எலி இல்லாத காலை அவருக்கு நட்டமாக இருக்கக் கூடாது.

அவர் பிள்ளைகள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். எலி பிடிக்கிறவன் என்ற சொல்லில் நீங்கள் ஏற்றி வைத்த இளக்காரம் கூலிக் குறைவைவிடக் கனமானது. வடமாவட்டங்களின் இருளர்களைப் பாருங்கள். வளைக்குள் புகை செலுத்த மண்பானையில் வாய் வைத்து ஊதி உதடும் கையும் சுட்டுக்கொண்ட அவர்களுக்காக, கையால் சுழற்றும் இரும்புக் கருவி ஒன்று 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. பழைய முறையை மாற்றாமல் கருவியைமட்டும் செம்மையாக்கினார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அறிவு அங்கே இருக்கிறது. அதற்கு உரிய விலையும் மதிப்பும்தான் வயல் வரைக்கும் வந்து சேரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மடல் எலிக்கிட்டியைப் பற்றிமட்டும் பேசுகிறது. முயலுக்கும் பன்றிக்கும் வைக்கும் கிளட்ச் வயர் சுருக்கையும் வெடிகாயையும் எடுத்துத் துடைக்கச் சொல்லவில்லை. அவை 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி வேட்டை, அவற்றில் சிறுத்தையும் யானைக்குட்டியும் மாட்டிச் சாகின்றன. அப்படி எதுவும் உங்கள் பரணில் இருந்தால் வெட்டி எறியுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை, செலவாகும், நேரமில்லை என்பீர்கள். ஆள் கிடைக்காததற்குக் காரணத்தில் ஒரு பங்கு மேலே சொன்னதுதான். செலவைப் பற்றி: ஒரு மூங்கிலில் பல கிட்டிகளுக்குப் பட்டை கிழிக்கலாம், கட்டுக்கம்பிச் சுருளின் விலையையும் இதையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நேரம் என்பது இரவெல்லாம் வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் நேரத்தோடும், பக்கத்து வீட்டுப் பெண் தாலி இழந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிப் போகும் நேரத்தோடும் ஒப்பிட வேண்டியது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வயலைச் சுற்றியுள்ள கம்பியை இந்தப் பருவமே கழற்றுங்கள். பக்கத்து வயலில் கம்பி இருந்தால் வாயை மூடிக்கொண்டிராமல் அவரிடம் பேசுங்கள், கேட்காவிட்டால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், ஊர்ப்பகை வரும் என்று தயங்காதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் குழுவிலோ ஒரு மாலை கூடுங்கள். ஊரில் உள்ள எல்லாக் கிட்டியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டி, தேறியதைப் பழுதுபார்த்து, தேறாததற்குப் பதில் புதிது கட்டுங்கள். எந்தெந்த இரவு ஊர் முழுக்க விசையேற்றுவது என்று அன்றே நாள் குறித்துவிடுங்கள். வேளாண் உதவி அலுவலரை அழைத்து, விதைக்கும் உரத்துக்கும் மானியம் கேட்பதுபோல் கிட்டி கட்டும் பயிற்சிக்கும் பணம் கேளுங்கள். பரிந்துரையில் இருக்கும் கருவிக்குப் பயிற்சி கேட்பது உங்கள் உரிமை. கிட்டி கட்டத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இன்னும் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவரைத் தேடிப் போய், நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் முன், அவர் கையில் முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.